தலைப்பிள்ளைக்கு முதல் செக்கப் போறவங்களுக்கு

நாள் தள்ளிப்போய் கிட் வாங்கிப் பாத்து ரெண்டு கோடு வந்துருச்சுன்னா நம்ம கடக்கரைப் பக்கம் பெரியவங்க முதல்ல சொல்றது "மூணு மாசம் முடியட்டும், வெளிய மூச்சு விடாத"ன்னுதான். ஊருக்குச் சொல்லாம இருங்க, அதுல நான் குறுக்க வரல, ஆனா ஊருக்கு மறைக்கிறோம்னு நர்ஸம்மாகிட்டயும் சேத்து மறைச்சுடுறோம் பாருங்க, அங்கதான் நாள் வீணாப் போகுது. பிள்ளையோட மூளையும் தண்டுவடமும் உருவாக ஆரம்பிக்கிறது நமக்கு நாள் தள்ளிப்போன அந்தக் கொஞ்ச நாள்லயே, அதுக்கு வேண்டிய ஃபோலிக் ஆசிட் மாத்திரைய மூணு மாசம் கழிச்சுப் போட்டா என்ன பிரயோசனம். அதனால தெரிஞ்ச வாரமே போங்க, எப்படியும் 12 வாரம் தாண்ட விடாதீங்க.

எங்க போறது? பக்கத்துல இருக்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே போகலாம், இல்ல ஊருக்கு வர்ற கிராம நர்ஸ்கிட்ட சொன்னாப் போதும், அவங்க பதிஞ்சு பிக்மி நம்பர் (கர்ப்பிணிகளுக்கு அரசாங்கம் குடுக்குற பதிவு நம்பர்) வாங்கித் தருவாங்க. பிரைவேட்ல பாக்குறவங்களும் இத வாங்கிடுங்க, பிறப்புச் சான்றிதழுக்கு இந்த நம்பர் கேப்பாங்க. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துல வர்ற 18,000 ரூபாய்க்கும் (4,000 ரூபாய்க்கு ஊட்டச்சத்து பெட்டகம், மிச்சம் தவணை தவணையா பணம்) 12 வாரத்துக்குள்ள பதியிறது முக்கியம். ஆதார் ரெண்டு பேரோடதும், உங்க பேர்ல இருக்க பேங்க் பாஸ்புக்கும் எடுத்துக்கங்க. கர்ப்பிணி செக்கப் பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை, எதுக்கும் நர்ஸ்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுக் கெளம்புங்க.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன், தேதி. நான் மொத தடவ போனப்ப நர்ஸம்மா "கடைசியா எப்பத்தா?"ன்னு கேட்டாக, நான் "தை அமாவாசை முடிஞ்சு ரெண்டு நாள்ல தலைக்குக் குளிச்சேன்"னு சொன்னேன். அவங்க செவுத்துல தொங்குன காலண்டர எடுத்து மடியில வச்சு, தாள ஒவ்வொண்ணாத் திருப்பி, பேனாவ அமாவாசையில வச்சு "குளிச்ச நாள் வேணாம்த்தா, படத் தொடங்குன நாளச் சொல்லு"ன்னாக. அப்பத்தான் வெளங்குச்சு, நாம எல்லாரும் தலைக்குக் குளிச்ச நாளத்தான் மனசுல வச்சிருக்கோம், டாக்டர் கணக்கு ரத்தம் பட்ட மொத நாள்லருந்து, மூணு நாலு நாள் இதுலயே வித்தியாசம் வந்துரும். அந்தத் தேதிக்கு 7 நாளக் கூட்டி 3 மாசம் பின்னாடி போனா பிரசவத் தேதி, ஏப்ரல் 10னா அடுத்த ஜனவரி 17. மாசாமாசம் சரியா வராதவங்க அதையும் சொல்லிருங்க, ஸ்கேன்ல அளந்து தேதி போடுவாங்க.

அப்புறம் கேக்குறதுக்கெல்லாம் மறைக்காம பதில் சொல்லுங்க. மாமன் மகனையோ அத்த மகனையோ கட்டிருந்தா சொல்லுங்க, முன்னாடி கரு கலைஞ்சிருந்தா சொல்லுங்க, வலிப்பு, தைராய்டு, சுகர் மாத்திரை எது போட்டாலும் அட்டையோட கொண்டு போங்க, நீங்களா நிறுத்திடாதீங்க. கூட மாமியோ நாத்தனாவோ நிக்கிறப்ப வாய் வரலைன்னா "நர்ஸம்மா, தனியா ஒரு நிமிசம்"னு கேளுங்க, யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க. பாசி எடுக்கக் கடல்ல முங்குற பொம்பளைங்க நம்ம பாம்பன் பக்கம் எத்தன பேரு, அவங்க கண்டிப்பா அந்த வேலையச் சொல்லிக் கேக்கணும்.

உயரம், எடை, பிரஷர் பாத்துட்டு ரத்தமும் யூரினும் எடுப்பாங்க. ஹீமோகுளோபின் 11க்குக் கீழ இருந்தா ரத்தம் கம்மின்னு அர்த்தம், 7க்குக் கீழன்னா லேசா எடுத்துக்கிற விஷயமே இல்ல. எச்ஐவி, மஞ்சக்காமாலை, சிபிலிஸ் டெஸ்ட் எல்லாருக்கும் எடுக்குறதுதான், நம்மள சந்தேகப்படுறாங்கன்னு மனசு சங்கடப்படாதீங்க. ரத்த குரூப்புல உங்களுது நெகட்டிவ்னா வீட்டுக்காரரோடதும் கேப்பாங்க, அவரு கடலுக்குப் போயிருப்பாரு, இல்ல கீழக்கரை ஆளுகன்னா துபாய்ல இருப்பாரு, அதனால முன்னாடியே கேட்டு எழுதி வச்சுக்கங்க. அவருது பாசிட்டிவ்னா 28 வாரம் போல ஒரு ஊசி போட வேண்டியிருக்கும். சுகருக்கு 75 கிராம் குளுக்கோஸக் கரைச்சுக் குடிக்க வச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு ரத்தம் எடுப்பாங்க, குடிச்ச அரமணிக்குள்ள வாந்தி எடுத்துட்டா மறுநாள் திரும்ப எடுக்கணும். கருவாட்டுக் கவிச்சி அடிச்சாலே கொமட்டுற நேரம் இது, அதனால மெதுவா உறிஞ்சிக் குடிங்க, அங்கிட்டு இங்கிட்டு அலையாம உக்காந்திருங்க, அது முடிஞ்சதும் சாப்பிட ஒரு டப்பாவுல ஏதாவது கொண்டு போங்க. ரணஜன்னி தடுப்பூசி ரெண்டு, ஒரு மாச இடைவெளியில.

ஸ்கேன்ல ஆம்பளையா பொம்பளையான்னு கேக்காதீங்க, கேக்குறதும் சொல்றதும் 1994ல போட்ட சட்டப்படி குத்தம். அதுக்குப் பதிலா அடுத்த ஸ்கேன் எப்பன்னு கேளுங்க, 11லருந்து 13 வாரத்துக்குள்ள ஒண்ணு இருக்கு, அத விட்டா திரும்ப எடுக்க முடியாது.

சாப்பாடும் கேளுங்க. நெத்திலி, சாளை, சூடை தாராளமாச் சாப்பிடலாம், சுறா மாதிரி பெரிய மீன்ல பாதரசம் சேந்திருக்கும், அது வேணாம். சத்து மாத்திரை குடுக்குறப்ப டீயோட போடாதீங்க, இரும்பு உடம்புல ஒட்டாது, எலுமிச்சைத் தண்ணி நல்லது.

வீட்டுக்கு வந்தப்புறம் ரத்தம் பட்டாலோ, ஒரு பக்கமா வயிறு பிடிச்சு இழுத்தாலோ, மயக்கம் போட்டாலோ, குடிச்ச தண்ணி கூடத் தங்காம வந்தாலோ அடுத்த செவ்வாய்க்குக் காத்திருக்காதீங்க, 108க்குப் போடுங்க. லேசான சந்தேகம்னா 104ல கேக்கலாம். செக்கப்புல எழுதிக் குடுத்த கர்ப்பிணி அட்டைய பிளாஸ்டிக் கவர்ல போட்டு, வீட்டுல யாரு கேட்டாலும் எடுத்துக் குடுக்குற மாதிரி ஒரே எடத்துல வைங்க, ராத்திரி அவசரத்துல கெளம்புறப்ப நீங்க பேசுற நெலமையில இல்லன்னாலும் அந்த அட்டை பேசும்.