தங்க அணைவுச் சேர்மம்: லிகண்ட் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரு ஆய்வகங்களில் தங்க வேதியியலில் புதிதாகக் கைவைக்கும் நம் பிள்ளைகளுக்கு லிகண்ட், அதாவது உலோக அணுவோடு ஒட்டியிருக்கும் மூலக்கூறு, மாற்றுவது சுலபமாகவே தெரியும். டைமெத்தில் சல்ஃபைடு தங்கத்தைத் தளர்வாகத்தான் பிடித்திருக்கும். டிரைஃபீனைல் பாஸ்ஃபீன் வந்ததும் விலகிவிடும். டைகுளோரோமீத்தேனில், அறை வெப்பநிலையிலேயே வேலை முடியும். பெரும்பாலும் பிசகுவது அதற்கு முன்னால், தொடக்கப் பொருளில்.

அந்தத் தொடக்கப் பொருளைச் செய்ய எடுக்கும் தங்க உப்பான குளோரோஆரிக் அமிலம் ஈரத்தை இழுக்கும். ஜூலை மழையில் பாட்டிலைத் திறந்து வைத்து நிதானமாக எடை போட்டால் படிகம் கண்ணெதிரே கசிந்து ஒட்டும். எடை போட்டதில் தங்கம் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று சொல்ல முடியாது. ஸ்டீல் கரண்டியும் வேண்டாம், இரும்பு தங்கத்தை உலோகமாக்கிவிடும். கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ சரி.

அப்புறம் அளவு. ஒரு மோல் தங்கத்துக்கு டைமெத்தில் சல்ஃபைடு 2 மோலாவது வேண்டும். ஒன்று +3 நிலைத் தங்கத்தை +1 ஆக ஒடுக்கிச் சல்ஃபாக்சைடு ஆகிறது, மற்றது தங்கத்தோடு சேர்கிறது. சல்ஃபைடின் கொதிநிலை 37 டிகிரிதான் என்பதால் கொஞ்சம் கூடவே போடுங்கள். மஞ்சள் முழுக்க வெளுத்து வெள்ளைத் திடப்பொருள், அதாவது சல்ஃபைடு தங்கம், விழும்வரை பொறுக்க வேண்டும். அதை வெளிச்சம் படாமல் குளிரில் வையுங்கள். ஊதாச் சாயல் தெரிந்தால் தங்கம் பிரியத் தொடங்கிவிட்டது.

அடுத்து அதோடு சேர்க்கும் பாஸ்ஃபீனில் தாராளம் கூடாது, தங்கத்துக்குச் சரியாக 1:1. பாஸ்பரஸ் அணுக்களின் சூழலைக் காட்டும் என்எம்ஆர் நிறமாலையில் 33 பிபிஎம் பக்கம் கூர்மையான ஒற்றை உச்சி வர வேண்டும். தனி பாஸ்ஃபீன் வரும் -5 பிபிஎம்மில் எதுவும் இல்லையே என்று நிம்மதி அடையாதீர்கள். மிச்சமிருப்பது தங்கத்தோடு வேகமாக இடம் மாறிக்கொண்டே இருப்பதால், இரண்டும் கலந்து அகன்ற ஒரே உச்சியாக நகர்ந்து நிற்கும்.

பாஸ்ஃபீனுக்குப் பதில் கார்பீன் லிகண்ட் ஏற்றி, தங்கம்–கார்பன் பிணைப்புள்ள சேர்மம் வேண்டுமென்றால் வலுவான காரத்தைத் தேடி கிளவ்பாக்ஸுக்கு (காற்றுப் புகாத பெட்டி) காத்திருக்க வேண்டியதில்லை. இமிடசோலியம் குளோரைடு, சல்ஃபைடு தங்கம், பொட்டாசியம் கார்பனேட், அசிட்டோன், 60 டிகிரி. காற்றிலேயே நடக்கும்.

கழிவைக் கொட்டாதீர்கள், தங்கத்தை மீட்கலாம். கோலார் தங்கவயல் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. ஒரு கிராமுக்கு எவ்வளவு பாறை உடைந்தது என்று வீட்டிலேயே கேட்டிருப்பார்கள். ஆனால் தங்கக் கழிவுப் பாட்டிலில் அம்மோனியா சேரவே கூடாது. உருவாகும் பொருள் உலர்ந்தால் உரசினாலே வெடிக்கும். சல்ஃபைடு நாறும் பாத்திரங்களை ப்ளீச்சில் ஊறவிடலாம், தனித் தொட்டியில். ப்ளீச்சில் அமிலம் பட்டால் குளோரின் கிளம்பும்.