டாக்டரைப் பார்க்கும் முன் ஒரு நோட்டு வாங்குங்கள்

வீட்டில் ஒருவர் தனியாகப் பேசுகிறார், பக்கத்து வீட்டுக்காரர்கள் தன்னை வேவு பார்க்கிறார்கள் என்கிறார், சாப்பாட்டில் என்னவோ கலந்துவிட்டார்கள் என்று தட்டைத் தள்ளுகிறார், இரவெல்லாம் தூங்குவதில்லை. உங்கள் வீட்டில் இப்படி நடக்கிறதென்றால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். என் தம்பிக்கு ஸ்கிசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு, வந்தபோது எட்டு மாதம் கயிறு கட்டினோம், மந்திரித்தோம். கடைசியில் டாக்டர் "எப்போதிலிருந்து இப்படி?" என்று கேட்டதற்கு அம்மா ஒன்று சொன்னார், நான் ஒன்று சொன்னேன்.

இந்த நோயை எந்த ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் காட்டிக்கொடுக்காது. அந்தப் பரிசோதனைகள் தைராய்டு, பி12 குறைவு, வலிப்பு, மூளையில் தொற்று என்று வேறு காரணம் இருக்கிறதா எனப் பார்க்கத்தான். மற்றபடி டாக்டர் நம்புவது நோயாளியின் பேச்சையும் நீங்கள் சொல்லும் கதையையும்.

அதனால் தேதி போட்டு எழுதுங்கள். குரல் கேட்கிறதா, அது என்ன சொல்கிறது, படிப்போ வேலையோ எப்போது சரிந்தது, கஞ்சா, குடி உண்டா, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா. இடையில் அளவுக்கு மீறிய உற்சாகமோ ஆழ்ந்த சோகமோ வந்திருந்தால் மறக்காமல் சொல்லுங்கள், ஏனென்றால் உற்சாகமும் சோகமும் மாறி மாறி வரும் இருதுருவ நோயிலும் கடும் மனச்சோர்விலும்கூடக் குரல் கேட்கும், அவற்றுக்கு மருந்து வேறு மாதிரி போகும். முதல் நாளே டாக்டர் நோயின் பெயரைச் சொல்லவில்லை என்று கோபப்படாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைக்கு அறிகுறிகள் குறைந்தது 1 மாதம், அமெரிக்க வரையறைக்கு 6 மாதம் இருக்க வேண்டும், சிலருக்குச் சில வாரங்களிலேயே முழுக்கச் சரியாகியும் விடும்.

காய்ச்சலோடு குழப்பம், பிரசவமான சில வாரங்களுக்குள் இந்த மாற்றம், "செத்துப் போ", "அவனைக் குத்து" என்று கட்டளையிடும் குரல், இவற்றில் எது இருந்தாலும் நோட்டெல்லாம் அப்புறம், அன்றைக்கே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

வர மறுப்பவரிடம் "உனக்குப் பைத்தியம்" என்று சொல்லி எதுவும் ஆகாது. அவர் நம்புவதை மறுத்து வாதாடவும் வேண்டாம், ஆமாம் போடவும் வேண்டாம். "எனக்கு அந்தக் குரல் கேட்கவில்லை, ஆனால் உனக்கு எவ்வளவு பயமாக இருக்கும் என்று புரிகிறது, தூக்கமும் இல்லையே, அதற்காவது டாக்டரைப் பார்ப்போம்" என்று சொன்னபோதுதான் என் தம்பி செருப்பை மாட்டினான். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையும், மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி, சிகிச்சை நிறுவனமும் உண்டு. எங்கே போவது என்றே தெரியாவிட்டால் 14416இல் டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண்ணைக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம். கோவிலுக்கோ தர்காவுக்கோ போகிறவர்கள் போங்கள், மாத்திரையும் கூடவே போகட்டும். சங்கிலி மட்டும் கூடவே கூடாது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடி தர்கா பக்கம் இருந்த ஒரு மனநோயாளர் காப்பகத்தில் தீப்பிடித்தபோது கட்டிப்போடப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள், 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது.

ரிஸ்பெரிடோன், ஒலான்சபின் போன்ற மாத்திரைகள் மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தின் வேகத்தைக் குறைக்கின்றன. படபடப்பும் தூக்கமும் சில நாட்களில் தேறும், குரல் அடங்கச் சில வாரங்கள் ஆகும். நிறைய குடும்பங்கள் இந்த இடைவெளியில்தான் "மருந்து கேட்கவில்லை" என்று நிறுத்திவிடுகின்றன. கை நடுக்கம், உட்கார முடியாத தவிப்பு, எடை கூடுவது, மாதவிடாய் நிற்பது எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக் காட்டுங்கள், அளவையோ மருந்தையோ மாற்ற வழி இருக்கிறது. கழுத்தோ கண்ணோ திடீரென இழுத்துக்கொண்டால் உடனே ஓடுங்கள், ஓர் ஊசியில் சரியாகும். எடையும் சர்க்கரையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். மாத்திரை தினமும் பெரிய சண்டையானால் மாதம் ஒருமுறை போடும் ஊசி பற்றிக் கேளுங்கள். இரண்டு மருந்துகளைச் சரியான அளவில், போதிய காலம் கொடுத்தும் பலனில்லை என்றால் க்ளோசபின் என்ற மருந்து பற்றி நீங்களே கேட்கலாம். அதற்கு ரத்தத்தில் வெள்ளை அணுக்களை, ஆரம்பத்தில் வாராவாரம், எண்ணிப் பார்த்தே ஆக வேண்டும்.

தேறியதும் உடனே நிறுத்தாதீர்கள். முதல் முறை வந்தவர்களுக்கே பொதுவாக ஓரிரு வருடமாவது தொடரச் சொல்வார்கள், குறைப்பதும் டாக்டர் சொல்லி மெதுவாகத்தான். நோட்டின் கடைசிப் பக்கத்தில், போன தடவை முதலில் என்ன மாறியது என்று அவரோடு உட்கார்ந்து எழுதிவையுங்கள். என் தம்பிக்கு அது ஜன்னலைச் சாத்துவதும் இரண்டு மணிக்கு விழிப்பதும். அவை தெரிந்தால் ரிவ்யூ தேதி வரும்வரை காத்திருப்பதில்லை, மறுநாள் காலை ஓபியில் சீட்டு வாங்கிவிடுவோம்.