பழைய டிராக்டரில் டீசல் ஒழுக்கு: புதிதாக ஸ்பேனர் பிடிப்பவர்கள் செய்யும் தவறுகள்

டீசல் ஒழுகுகிறது என்றதும் புதுப் பையன்களின் கை முதலில் தேடுவது ஸ்பேனரை. தேட வேண்டியது துணியை. டேங்க் அடியில் டீசலை அடைக்கும் டேப்பை மூடாமல் பைப்பைக் கழற்றுவது, பீடியும் கையுமாக பானட்டுக்குள் குனிவது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அது தெரியாதவர் வண்டிப் பக்கமே வர வேண்டாம்.

ஈரமான இடத்தை முறுக்குவது

டீசல் சொட்டுகிற இடம் ஒன்று, கசிகிற இடம் வேறு. ஃபில்டர் தலையில் கசிவது பைப் வழியாக இறங்கி, டீசலை அழுத்தி நாசில்களுக்கு அனுப்பும் பம்ப்புக்கு அடியில் சொட்டும். பம்ப்தான் போய்விட்டது என்று அதைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். எஞ்சின் ஆறியதும் அந்தப் பக்கம் முழுவதையும் கழுவி, காற்றடித்துக் காயவைத்து, டால்கம் பவுடரைத் தூவி, டேப்பைத் திறந்து வண்டியை ஐடிலில் விடுங்கள். பவுடரில் எந்த இடம் முதலில் நனைகிறதோ அதுதான் இடம்.

பம்ப் தலையில் ஹை பிரஷர் பைப் நட்டைத் திருகும்போது, அடியில் உள்ள டெலிவரி வால்வ் ஹோல்டரை (பம்ப்பில் திருகியிருக்கும், அந்த நட்டு ஏறும் துண்டை) இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காவிட்டால் ஹோல்டரும் சேர்ந்து சுற்றும். ஒரு ஒழுக்கை அடைக்கப் போய் இன்னொன்று தொடங்கும்.

பழைய காப்பர் வாஷர்

ஒருமுறை நசுங்கிய வாஷர் இறுகிப்போயிருக்கும், மறுபடி படியாது. புதிது போடுங்கள். கடை தூரமென்றால் பழையதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு, கரியைத் தேய்த்துவிட்டுப் போடலாம். அதில் நகம் தட்டும் அளவுக்குக் கீறல் இருந்தால் தூக்கி எறியுங்கள். வாஷரை மாற்றாமல், டீசல் பைப்பை மாட்டும் பேஞ்சோ போல்ட்டை மட்டும் இறுக்கிக்கொண்டே போனால், நடுவில் துளையுள்ள அந்த போல்ட் கழுத்தில் ஒடியும்.

ஆயில் குறையவில்லை என்று சந்தோஷப்படுவது

"அண்ணே, வண்டி ஆயிலே குடிக்கிறதில்லண்ணே, கொஞ்சம் ஏறித்தான் நிக்குது" என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால், அந்த வண்டியை அங்கேயே ஆஃப் செய்யச் சொல்ல வேண்டும். ஆயில் தானாக ஏறாது. வெளியே ஒரு சொட்டும் விழாமல் பெரும்பாலும் டீசல் உள்ளுக்குள் ஆயில் சம்ப்பில் (எஞ்சின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டியில்) இறங்குகிறது.

இதைவிட எரிச்சலூட்டுவது அடுத்துச் செய்யும் காரியம்: ஏறிய ஒரு லிட்டரை வடித்துவிட்டு, அளவு சரியாகிவிட்டது என்று உழவுக்கு ஓட்டிப் போவது. மீதி இருப்பது ஆயில் இல்லை, டீசல் கலந்து தண்ணியாக இளகிப்போன ஆயில். வெயிலில் கலப்பை இழுக்கும்போது சூடேறி இன்னும் இளகும், ஆயில் பிரஷர் விழும், பேரிங் ஷெல் தேயும். சில நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய டயாஃப்ரம் (ஃபீட் பம்ப்புக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு) வேலை, கிராங்க் ஷாஃப்ட் கிரைண்டிங்கில் போய் நிற்கும். அளவு மிக அதிகமாக ஏறினால் எஞ்சின் அந்தக் கலவையையே இழுத்து எரிக்கத் தொடங்கலாம். அப்போது ஸ்டாப் கம்பியை இழுத்தாலும் நிற்காது.

சந்தேகமென்றால் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை, அதாவது டிப்ஸ்டிக்கை, முகர்ந்து பாருங்கள். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விடுங்கள். நடுவில் கறுப்பும், அதைச் சுற்றி அகலமாக வெளிறிய ஈர வளையமும் படர்ந்தால் பெரும்பாலும் டீசல்தான்.

டேங்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கும் டயாஃப்ரம் ஃபீட் பம்ப் எஞ்சின் பிளாக்கில் மாட்டியிருந்தால் முதலில் அதைப் பாருங்கள். டேங்க் மேலே இருக்கும் வண்டியில், டயாஃப்ரம் கிழிந்திருந்தால் இரவெல்லாம் நிற்கும்போதும் டீசல் இறங்கும். பைப்பைக் கழற்றாமல் பம்ப்பின் போல்ட்டுகளை மட்டும் எடுத்து, பிளாக்கிலிருந்து வெளியே இழுத்து, கை நெம்புகோலை அடியுங்கள். எஞ்சினுக்குள் நுழையும் பம்ப்பின் உள்பக்க நெம்புகோலுக்கு அருகே டீசல் சொட்டினால் டயாஃப்ரம் போய்விட்டது.

அங்கே உலர்ந்திருந்தால், ரோட்டரி வகை ஹை பிரஷர் பம்ப் உள்ள வண்டியில் அந்தப் பம்ப்பின் டிரைவ் ஷாஃப்ட் சீலைச் சந்தேகப்படுங்கள். சீல் போனால் டீசல் டைமிங் கேஸ் (எஞ்சின் முன்பக்கம் பற்சக்கரங்கள் இருக்கும் பெட்டி) வழியாக சம்ப்புக்கு வரும். பம்ப்பைக் கழற்றும் முன், எஞ்சினோடு சேரும் அதன் ஃபிளாஞ்சில் (விளிம்பில்) திரும்ப அதே நிலையில் மாட்ட உதவும் டைமிங் கோடு இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் நீங்களே ஒரு கோடு கீறுங்கள். சீல் மாற்றுவது பம்ப் பட்டறை வேலை, வீட்டில் பிரிக்காதீர்கள். வெள்ளைப் புகையும் தட்டும் சத்தமும் சேர்ந்திருந்தால் நாசிலும் (எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் முனை) ஒழுகுகிறதா என்று சோதிக்க வேண்டும்.

சரிசெய்த பிறகு ஆயில் முழுவதையும் வடித்து, ஃபில்டரையும் மாற்றி, புது ஆயில் ஊற்றுங்கள். அரை மணி ஓட்டி நிறுத்தி, ஆயில் இறங்கியதும் டிப்ஸ்டிக்கில் அளவைக் குறித்து, மறுநாள் காலை வண்டியை எடுக்கும் முன் மறுபடி பாருங்கள்.

ஹை பிரஷர் பைப்பை விரலால் தடவுவது

அட்டையை நீட்டிப் பாருங்கள், விரலை வேண்டாம். மயிரிழைத் துளையிலிருந்து பீறும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். முதலில் எறும்பு கடித்தது போலத்தான் இருக்கும். மருந்து தடவிக்கொண்டு உட்காராமல் உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

டெஃப்லான் டேப்

கூடாது. ஹை பிரஷர் பைப் நட்டில் டீசலைக் கசியாமல் அடைப்பது மரை இல்லை, பைப்பின் கூம்பு (கோன்) முனை. டேப்பின் துணுக்கு பம்ப்புக்குள் போகும்.

சொட்டு இல்லை என்றால் ஒழுக்கு இல்லை என்று நினைப்பது

டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரையான பைப்பில் கசிவு இருந்தால், வண்டி ஓடும்போது டீசல் வெளியே வராமல் காற்று உள்ளே போய் வண்டி நின்றுவிடலாம். பைப்பில் சேர்ந்த காற்றை வெளியேற்றி (ஏர் எடுத்து) ஓட்டினால் சிறிது நேரத்தில் மறுபடி நிற்கும். அந்தப் பகுதியில் ஒரு முழம் தெளிவான டீசல் ஹோஸை இடையில் மாட்டி ஓட்டிப் பாருங்கள். குமிழி வந்தால் கோளாறு அதற்கு முன்னால், டேங்க் பக்கம் இருக்கிறது, வராவிட்டால் பின்னால், பம்ப் பக்கம். தோட்டத்துத் தண்ணீர் ஹோஸ் வேண்டாம், டீசலில் ஊறி உப்பும்.