தினப்படியா, முழுச் சம்பளமா? அமெரிக்காவில் டிரக் ஓட்டப் போகிறவர்கள் போட வேண்டிய கணக்கு

வேலைக்குச் சேரும் முதல் நாள் நிறுவனம் கையெழுத்துக்கு நீட்டும் காகிதங்களில் ஒன்றில் இரண்டு கட்டங்கள் இருக்கும். ஒன்று 'ஸ்ட்ரெய்ட் பே', அதாவது முழுச் சம்பளம். மற்றது 'பெர் டியம்', அதாவது தினப்படி. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எதில் குறியிட்டாரோ அதிலேயே குறியிட்டுவிட்டு அடுத்த காகிதத்துக்குப் போய்விடுகிறார்கள். டெக்சாஸில் ஓட்டுநர்களுக்கு வருமான வரிப் படிவம் நிரப்பிக் கொடுப்பது என் வேலை. அந்த ஒரு குறி என்ன செய்தது என்பது பலருக்கு மறுவருடம் பிப்ரவரியில், என் மேசைக்கு எதிரே உட்காரும்போதுதான் தெரிய வருகிறது. அதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

முதலில், பேட்டாவை மறந்துவிடுங்கள்

நம்மூரில் லாரி ஓட்டுநருக்குச் சம்பளம் தனி, பேட்டா தனி. பேட்டா என்றால் மேலே கிடைக்கும் காசு. அமெரிக்க நிறுவனங்கள் தரும் தினப்படியையும் அப்படி நினைத்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். இங்கே பெரும்பாலும் அது உங்கள் சம்பளத்திலிருந்தே வெட்டி எடுத்துப் பெயர் மாற்றிய பணம். மைலுக்கு 60 சென்ட் என்று பேசினால், 48 சென்ட் சம்பளமாகவும் 12 சென்ட் உணவு மற்றும் சில்லறைச் செலவுக்கான படியாகவும் பிரியும். மொத்தம் அதே 60. படியாக வரும் பகுதிக்கு வருமான வரி கிடையாது. சமூகப் பாதுகாப்பு (அரசு ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) இரண்டுக்குமாகப் பிடிக்கும் 7.65 சதவீதமும் கிடையாது. லாபம் முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

இரண்டாவது, உங்களுக்குத் தகுதி இருக்கிறதா என்று பாருங்கள்

வேலைக்காக வெளியூர் போய், தூங்கி ஓய்வெடுக்க வேண்டிய அளவுக்கு வீட்டைவிட்டு விலகியிருக்க வேண்டும். தினமும் மாலையில் வீடு திரும்பும் உள்ளூர் ஓட்டுநருக்கு இது கிடையாது. இன்னொரு நிபந்தனையைப் பலர் கவனிப்பதில்லை: திரும்பி வருவதற்கு உங்களுக்கென்று ஓர் இருப்பிடம் இருக்க வேண்டும். வாடகை மிச்சம் என்று அறையைக் காலி செய்துவிட்டு டிரக்கிலேயே குடியிருப்பவரை, வீட்டைவிட்டு வெளியே இருப்பவராக வருமான வரித்துறை ஏற்பதில்லை.

உச்சவரம்பும் உண்டு. போக்குவரத்துத் தொழிலுக்கென ஐ.ஆர்.எஸ்., அதாவது அமெரிக்க வருமான வரித்துறை, வைத்திருக்கும் தனி விகிதம், 2024 அக்டோபர் 1 முதல் அமெரிக்கப் பெருநிலப்பரப்புக்குள் நாளுக்கு 80 டாலர். அதற்கு முன் 69 ஆக இருந்தது. கிளம்பும் நாளுக்கும் திரும்பும் நாளுக்கும் முக்கால் பங்கு, அதாவது 60 டாலர்.

மூன்றாவது, கணக்கைப் போடுங்கள்

காகிதமும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் போட்டால் எண்கள் மறைந்துவிடும். எழுதினால் கண்முன் நிற்கும்.

வாரம் 2,500 மைல், ஆண்டுக்கு 50 வாரம் ஓட்டுகிறீர்கள் என்று வையுங்கள். ஆண்டுக்கு 1,25,000 மைல். 60 சென்ட் வீதம் 75,000 டாலர். இது முழுச் சம்பளம்.

மொத்தம் குறையாமல் 12 சென்ட்டைப் படியாக மாற்றினால், 15,000 டாலர் வரியிலிருந்து விலகுகிறது. திருமணமானவர், மனைவிக்கு வருமானம் இல்லை, இருவருக்கும் சேர்த்து ஒரே படிவம் என்றால் இந்தத் தொகை 12 சதவீத வரி அடுக்கில் விழும். 12, 7.65 இரண்டையும் கூட்டினால் 19.65. பதினைந்தாயிரத்தில் அது 2,947 டாலர். கையில் கூடுதலாக நிற்கும் பணம். தனியாளாக இருந்தால் அதே வருமானத்தில் ஒரு பகுதி 22 சதவீத அடுக்கில் இருக்கும். 2025ஆம் ஆண்டு வரிக் கணக்குப்படி சேமிப்பு ஏறத்தாழ 4,000 டாலர். மாநில வருமான வரி இருக்கும் ஊர் என்றால் இன்னும் கொஞ்சம் கூடும். டெக்சாஸில் அந்த வரியே இல்லை.

இனிதான் கவனிக்க வேண்டிய இடம். பல நிறுவனங்கள் தினப்படி எடுப்பவருக்கு மொத்த மைல் விகிதத்தையே குறைக்கின்றன. படியாகக் கொடுக்கும் தொகையில் 80 சதவீதத்தை மட்டுமே நிறுவனம் தன் வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும் என்பது அதற்கு ஒரு காரணம். ஆனால் உங்களுக்காகக் கட்ட வேண்டிய 7.65 சதவீதப் பங்கு நிறுவனத்துக்கும் மிச்சமாகிறது. அதை யாரும் சொல்ல மாட்டார்கள். நீங்கள்தான் கேட்க வேண்டும்.

மேலே சொன்ன திருமணமானவருக்கு விகிதம் 60இலிருந்து 58 ஆனால் 2,500 டாலர் போகிறது. படியின் 15,000உடன் இதுவும் சேர்ந்து சம்பளப் பகுதி 17,500 குறைவதால் வரியில் 3,438 மிச்சம். நிகரமாகக் கையில் நிற்பது சுமார் 938 டாலர், வாரத்துக்கு 19 டாலர்கூட இல்லை. 57 சென்ட் ஆனால் 3,750 டாலர் போகிறது, 3,684 மிச்சமாகிறது. அதாவது 66 டாலர் நஷ்டம். மூன்றே மூன்று சென்ட்! எனவே நிறுவனத்திடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: "தினப்படி எடுத்தால் என் மொத்த மைல் விகிதம் எவ்வளவு?" பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

நான்காவது, வரிப் படிவத்துக்கு வெளியே பாருங்கள்

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கணவனும் மனைவியும் என்னிடம் வந்தார்கள். வீடு பார்த்தாகிவிட்டது, முன்பணமும் சேர்த்தாகிவிட்டது. அந்த அம்மா, நிறுவனம் தரும் ஆண்டுச் சம்பளச் சான்றான டபிள்யூ-2 படிவத்தை மேசையில் விரித்து, முதல் கட்டத்தின் மேல் விரலை வைத்து, "இவர் 75,000 சம்பாதித்தார். இதில் ஏன் 60,000 என்று இருக்கிறது?" என்று கேட்டார். வங்கி பார்த்ததும் அந்த 60,000ஐத்தான். வாராவாரம் வந்த சம்பளச் சீட்டுகளை அவர் ரப்பர் பேண்டு போட்டு அடுக்கி வைத்திருந்தார். எல்லாவற்றிலும் படி தனியாகத் தெளிவாகக் குறிக்கப்பட்டிருந்தது. கடன் கொடுப்பவர் அதை வருமானமாக எடுத்துக்கொள்ளவில்லை. கேட்டதைவிடக் குறைவாகவே கடன் கிடைத்தது, அந்த வீடு கைநழுவிப் போயிற்று. அன்றிலிருந்து புதிதாக வரும் எவரிடமும் நான் முதலில் கேட்பது, "வீடு வாங்கும் எண்ணம் உண்டா?" என்பதுதான். கடன் கொடுப்பவர்கள் வழக்கமாக இரண்டு ஆண்டு டபிள்யூ-2 கேட்பார்கள். ஆகவே வாங்குவதற்கு இரண்டு ஆண்டு முன்பே முழுச் சம்பளத்துக்கு மாறிவிடுங்கள்.

அடுத்தது ஓய்வூதியம். வருமானம் அதிகமாக இருந்த 35 ஆண்டுகளை வைத்துத்தான் சமூகப் பாதுகாப்புத் தொகையைக் கணக்கிடுகிறார்கள். நம் உதாரணத்தில் இருப்பவருக்கு, அந்த 35இல் ஓர் ஆண்டு 15,000 குறைந்தால் பின்னாளில் மாதம் சுமார் 11 டாலர் குறையும். பத்து ஆண்டுகள் இப்படி ஓட்டினால் மாதம் 114 டாலர், ஆயுள் முழுதும். மிச்சமாகும் வரியை எடுத்துச் சேமிப்புக் கணக்கில் போடுகிறவருக்கு இது பெரிய இழப்பு இல்லை. செலவு செய்துவிடுகிறவருக்கு இழப்புதான். நிறுவனம் 401கே என்ற ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டத்தில் சம்பளத்துக்கு 4 சதவீதம் போடுமானால், அதிலும் ஆண்டுக்கு 600 டாலர் குறையும்.

விபத்தை நினைக்க யாருக்கும் பிடிக்காது, ஆனாலும் எழுதியாக வேண்டும். பணியில் அடிபட்டால் பல மாநிலங்களில் சராசரி வாரச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு இழப்பீடாகக் கிடைக்கும். 1,500 டாலருக்கு 1,000. படி சேர்க்கப்படாமல் 1,200 மட்டும் சம்பளமாக எடுத்துக்கொள்ளப்பட்டால் 800. முதுகு ஒடிந்து படுத்திருக்கும் மாதங்களில் அந்த 200 டாலர் மளிகைச் செலவு.

ஐந்தாவது, முடிவெடுங்கள்

மொத்த விகிதம் குறையவில்லை, வீட்டுக் கடன் இப்போதைக்கு இல்லை, மிச்சத்தைச் சேமிக்கும் பழக்கம் இருக்கிறது என்றால் தினப்படி எடுங்கள். விகிதம் இரண்டு சென்ட்டுக்கு மேல் குறைந்தால் வேண்டவே வேண்டாம். இடைப்பட்ட நிலையில் இருப்பவர்களுக்கு நான் முழுச் சம்பளத்தையே சொல்வேன். வாரம் 19 டாலருக்காக மேலே சொன்ன எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கத் தேவையில்லை.

"முழுச் சம்பளம் வாங்கிவிட்டு, சாப்பாட்டுச் செலவை ஆண்டு முடிவில் நானே கழித்துக்கொள்கிறேன்" என்று சிலர் சொல்வதுண்டு. நிறுவன ஊழியருக்கு அந்த வழி 2018 முதல் அடைபட்டுவிட்டது; 2025இல் வந்த சட்டம் அதை நிரந்தரமாக்கியது. சொந்த டிரக் வைத்து, ஊழியராக அல்லாமல் சுயதொழிலாக 1099 படிவத்தில் சம்பாதிப்பவருக்கு மட்டும் வழி திறந்திருக்கிறது. அவர்கள் முழு நாளுக்கு 80 டாலரில் 80 சதவீதமான 64 டாலரைக் கழித்துக்கொள்ளலாம். உணவு ரசீது வேண்டியதில்லை. எந்த இரவு எங்கே இருந்தீர்கள் என்பதற்கு மின்னணுப் பயணப் பதிவேடு போதும். நிறுவனங்கள் அந்தப் பதிவுகளை ஆறு மாதம் வைத்திருந்தால் போதும் என்பதே சட்டம். எனவே மாதம் ஒருமுறை ஒரு பிரதி எடுத்து நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்திட்ட பிறகு வரும் முதல் இரண்டு சம்பளச் சீட்டுகளில், மொத்தத் தொகையை மைல்களால் வகுத்துப் பாருங்கள். எழுதி வாங்கிய விகிதம் வரவில்லையென்றால் அன்றே சம்பளப் பிரிவுக்குத் தொலைபேசியில் பேசிவிடுங்கள்.