ரீபூட் செய்யாமல் இனிட்டேப்பை மீண்டும் படிக்கவைப்பது எப்படி?

தோவாளைப் பூச்சந்தையில் விடியும் முன்பே வியாபாரம் சூடுபிடித்துவிடும். அங்கே ஒரு மொத்தக் கடையில் பழைய லினக்ஸ் கணினி. அதில் சீரியல் கேபிள் வழியாக இரண்டு டெர்மினல்கள் (திரையும் விசைப்பலகையும் மட்டும் உள்ளவை). ஒன்றில் பிச்சிப்பூவுக்கு பில் ஓடிக்கொண்டிருந்தது. மற்றொன்றில் லாகின் வரியே கிறுக்கலாக வந்தது. டெர்மினல் நொடிக்கு 9600 பிட் வேகத்தில் இருக்க, கணினி 38400-இல் அனுப்பிக்கொண்டிருந்தது. பூக்கூடையோடு ஆள் நிற்கும்போது ரீபூட் என்ற பேச்சுக்கே இடமில்லை.

(கட்டளைகளை உச்சரிப்பின்படி எழுதியிருக்கிறேன், ஆங்கில எழுத்துகளில் அடியுங்கள்.)

இந்த வேகம் எழுதப்பட்டிருப்பது இனிட்டேப் கோப்பில். கணினியில் முதலில் எழும் இனிட் என்ற நிரல், எதையெல்லாம் ஓடவைக்க வேண்டும் என்று அதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளும். ரூட்டாக (நிர்வாகியாக) நுழைந்து, /ஈடிசி/இனிட்டேப் கோப்புக்கு ஒரு நகல் எடுத்துவிட்டு, விஐ என்ற எடிட்டரில் திறந்தேன். எவ்வளவு பழைய கணினியிலும் விஐ இருக்கும் என்பதால் எனக்கு அதுதான் பிடிக்கும். மாற்றிய வரி:

டி0:23:ரெஸ்பான்:/எஸ்பின்/கெட்டி -எல் டிடிஒய்எஸ்0 9600 விடி100

இதில் கெட்டி என்பது டெர்மினலில் லாகின் வரியைக் காட்டும் நிரல், டிடிஒய்எஸ்0 என்பது சீரியல் போர்ட்டின் பெயர். சேமித்த பின், கோப்பை மீண்டும் படி என்று இனிட்டுக்குச் சொல்ல:

டெலினிட் கியூ

கியூவைப் பெரிய எழுத்தில் அடியுங்கள். சின்ன எழுத்தும் செல்லும்தான். ஆனால் விசைப்பலகையில் அதற்கு நேர் மேலே 1 இருக்கிறது. விரல் தவறி 1 விழுந்தால் கணினி ஒற்றைப் பயனர் நிலைக்குப் போய், பில் போடுபவரையும் வெளியேற்றிவிடும். ஷிஃப்டை அழுத்தியிருந்தால் 1 ஆச்சரியக்குறியாகிவிடும். இனிட் அதை ஏற்காது.

இதற்குப் பிறகும் கிறுக்கல் போகவில்லை. கேபிளைக் கழற்றி மாட்டியே அரைமணி நேரம் போனது. காரணம் வேறு: இனிட் புதிய வரியைப் படித்துவிட்டது, ஆனால் ஏற்கெனவே ஓடும் கெட்டியை அது தொடுவதில்லை. 38400-இல் பிறந்த பழைய கெட்டி அப்படியே காத்திருந்தது. 'பிஎஸ் ஏஎக்ஸ்' அடித்து, டிடிஒய்எஸ்0 வரியின் முதல் பத்தியில் உள்ள எண்ணைப் பார்த்து, 'கில்' கட்டளையோடு அந்த எண்ணைக் கொடுத்தேன். ரெஸ்பான் (நின்றால் மீண்டும் எழுப்பு) என்று எழுதியிருப்பதால் இனிட் உடனே புதிய கெட்டியை எழுப்பியது. லாகின் வரி தெளிவாக வந்தது. அந்த டெர்மினலில் யாராவது உள்ளே இருந்தால், அவர் வேலையை முடிக்கும் வரை பொறுங்கள்.

பின்சேர்க்கை: தங்கள் கணினியில் இனிட்டேப்பே இல்லை என்று சிலர் கேட்டார்கள். 2015-இல் வந்த டெபியன் 8 (ஒரு லினக்ஸ் வகை) முதல், பழைய இனிட்டுக்குப் பதிலாக சிஸ்டம்டி-தான் இயல்புநிலை. அங்கே டெலினிட் கியூவுக்குப் பதில் 'சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்'. இதுவும் கோப்புகளைப் படிப்பதோடு நின்றுவிடும். 'சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட்' என்பதோடு நீங்கள் மாற்றிய சேவையின் பெயரைக் கொடுத்து அதைத் தனியாக எழுப்ப வேண்டும். /லிப்/சிஸ்டம்டி-யில் உள்ள மூலக் கோப்பில் கைவைக்காதீர்கள், அடுத்த அப்டேட்டில் உங்கள் திருத்தம் அழிந்துவிடும். 'சிஸ்டம்சிடிஎல் எடிட்' மூலம் மாற்றினால் ரீலோடையும் அதுவே செய்துவிடும். ரீஸ்டார்ட் மட்டும் உங்கள் பொறுப்பு.