செய்முறையோடு கலைச்சொல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர், குடியாத்தம் பக்கம் ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்குப் புதிதாக வரும் அறிவியல் ஆசிரியர்கள், செய்முறையோடு கலைச்சொல் சொல்லிக்கொடுக்கும்போது ஆண்டுதோறும் அதே தவறுகளைத்தான் செய்கிறார்கள். டம்ளரைத் தட்டிவிடுவது, மெழுகுவர்த்தியில் கையைச் சுட்டுக்கொள்வது பற்றியெல்லாம் இங்கே பேச்சில்லை.

சொல்லை முதலில் எழுதிப்போடுவது

‘கரைபொருள்’ (உப்பு போலக் கரைவது), ‘கரைப்பான்’ (தண்ணீர் போலக் கரைப்பது), ‘தெவிட்டிய கரைசல்’ (அதற்குமேல் கரைக்க முடியாத கரைசல்) என்று பலகையில் விளக்கத்தோடு எழுதி, பிள்ளைகள் நோட்டில் ஏற்றி முடித்த பிறகு உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கிறார்கள். இருப்பதிலேயே எரிச்சலூட்டும் பழக்கம் இதுதான். விடை கையில் இருப்பதால் யாரும் டம்ளரைப் பார்ப்பதில்லை. மூன்றாவது கரண்டியிலேயே “தெவிட்டிடுச்சு மிஸ்” என்று குரல் வரும், மிஸ்ஸும் தலையாட்டிவிடுவார்.

வரிசையை மாற்றுங்கள். 100 மி.லி. தண்ணீர், பொடி உப்பு, தலைதட்டிய டீஸ்பூன் (சுமார் 6 கிராம்). அடியில் ஒரு மணிகூடத் தெரியாதவரை கலக்கிவிட்டுத்தான் அடுத்த கரண்டி. அறை வெப்பநிலையில் 100 மி.லி. நீர் ஏறக்குறைய 36 கிராம் உப்பைத்தான் கரைக்கும். ஆறாவது கரண்டி திணறும், ஏழாவது அடியில் தங்கிவிடும். கல்லுப்பு வேண்டாம், அது மெதுவாகக் கரைவதால் நான்காவதிலேயே நின்றுவிட்டதுபோலத் தெரியும். குவித்து அள்ளினாலும் கணக்கு கெடும். கணக்கு தப்பினால் ‘நம்ம ஊரு போர் தண்ணியே உப்பு’ என்று அதன்மேல் பழியைப் போடுவதும் உண்டு. லிட்டருக்கு 2 கிராம் உப்பு இருந்தாலும் 100 மி.லி.க்கு 0.2 கிராம்தான்.

ஏழாவது கரண்டியில் யாராவது “இனிமே கரையாது” என்பார்கள். அதை அப்படியே பலகையில் எழுதி, பக்கத்தில் ‘தெவிட்டிய கரைசல்’ என்று எழுதுங்கள். பந்தியில் மூன்றாம் கப் பாயசம் தெவிட்டிய பிள்ளைக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

இதோடு விட்டால் பாதி வேலைதான். அடுத்து 25 மி.லி. தண்ணீரில் பொடித்த சர்க்கரை. பொறுமையாகக் கலக்கினால் 50 கிராம் வரை கரையும். அதே நீரில் உப்பு 9 கிராம்தான் கரையும். ‘தெவிட்டிய கரைசல்னா ஆறு கரண்டி’ என்று மனப்பாடம் செய்தவர் யார் என்பது அப்போது வெளியே வரும்.

பாலாற்று மணலை வடிகட்டச் சொல்வது

சுத்தமான ஆற்று மணல் சில நொடிகளில் படிந்துவிடும். தெளியவைத்து இறுத்தலை (படிந்தபின் மேலே உள்ள தெளிந்த நீரை மட்டும் சாய்த்து ஊற்றுவதை) காட்ட அது அருமை. வடிகட்டுதலுக்கு உதவாது, வடிகட்ட மேலே ஒன்றும் மிச்சமிருக்காது. அதற்கு ஏரிக் களிமண் ஒரு ஸ்பூன் கலக்குங்கள். துணியில் ஊற்றினால் கலங்கலாகவே இறங்கும். பிறகு வடிதாளில் ஊற்றுங்கள். முதலில் இறங்குவது கலங்கலாக இருந்தால் அதையே மறுபடி அதே தாளில் ஊற்றலாம்.

ஐஸ் ‘கரையுது’ என்பதைக் காதில் வாங்காமல் விடுவது

வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம், அதட்ட வேண்டாம். வெறும் டம்ளரில் ஐஸ், இன்னொன்றில் தண்ணீரும் சர்க்கரையும். “எதுக்குத் தண்ணி தேவைப்பட்டது?” என்று கேளுங்கள். உருகுதல் வேறு, கரைதல் வேறு என்று அவர்களே பிரிப்பார்கள்.

ஒரே பீரியடில் எட்டுச் சொல்

மூன்று போதும்.

தேர்வில் ‘வரையறு’ என்று கேட்பது

டம்ளரைக் காட்டிப் பெயர் கேளுங்கள்.

ஐஸ் டம்ளர் ‘கசியுது’

ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளியே துளி நின்றால் பிள்ளைகள் அப்படித்தான் சொல்வார்கள். உள்ளே ஒரு சொட்டு நீல மை விடுங்கள். வெளிச்சுவரில் நிற்கும் துளியை வெள்ளைத் தாளில் ஒற்றி எடுத்தால் நீலம் இருக்காது. அப்படியானால் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று பேசி முடித்த பிறகு ‘ஆவி சுருங்குதல்’ (காற்றிலுள்ள நீராவி குளிர்ந்து நீராவது) என்று எழுதுங்கள்.