அண்ணன் கம்பத்தில், தங்கச்சி வண்டிப்பெரியாறில்: வெள்ள நாடகம் போடுவது எப்படி

கேரளத்து இடுக்கி மாவட்டத்தில் குமுளி, பீருமேடு பக்கம் வெள்ளத்தை வைத்து நாடகம் போட நினைக்கிறீர்களா? முதலில் பூமி சூடாவதைப் பற்றி மைக்கில் விளக்கம் சொல்லும் ஆளைக் கதையிலிருந்து தூக்கிவிடுங்கள். அவர் வாயைத் திறந்ததுமே பாதிக் கூட்டம் டீக்கடைக்குப் போய்விடும். அந்த வேலையைப் பாட்டியிடம் கொடுங்கள். "அப்பல்லாம் சாரல் நாள்கணக்குல நசநசன்னு பெய்யும், இப்ப ஒரே ராத்திரில கொட்டித் தீத்துருது." போதும்.

கதைக்கு ஒரு குடும்பம்தான் வேண்டும். அண்ணன் தேனி மாவட்டத்துக் கம்பம் ஊரில் நெல் போடுகிறார், தங்கச்சியைக் கட்டிக்கொடுத்தது வண்டிப்பெரியாறில், எஸ்டேட் வேலை, ஆற்றோர வீடு. நடுவில் 1895-ல் திறந்த முல்லைப் பெரியாறு அணை. அது இருப்பது கேரளத்தில், இயக்குவது தமிழ்நாடு, 142 அடி வரை தேக்கலாம் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. தேக்கினால் அண்ணனுக்கு இரண்டாம் போகம், அணைக்குக் கீழே ஆற்றோரம் இருக்கும் தங்கச்சிக்குத் தூக்கம் போச்சு. இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்க வேண்டும். ஒருவரை வில்லனாக்கினால் நாடகம் கட்சி மேடைப் பேச்சாகிவிடும், அதற்கு இங்கே பஞ்சமே இல்லை.

திரை வேண்டாம், மேடை ஓரத்தில் ஒரு கரும்பலகை போதும். அதில் அணையின் நீர்மட்டம், அடிக்கணக்கில். காட்சி மாறும்போது ஒரு பிள்ளை வந்து பழைய எண்ணை அழித்துவிட்டுப் புதியதை எழுதட்டும்: 136, 140, 142. எண் ஏற ஏற அண்ணன் தங்கச்சி போன் பேச்சு சுருங்க வேண்டும், முதலில் நலம் விசாரிப்பு, அப்புறம் வாய்த்தகராறு, கடைசியில் "அண்ணே, சாமான் ஏத்திக்கிட்டிருக்கோம், வைக்கிறேன்" என்று மட்டும்.

கடைசிக் காட்சியை 2018 ஆகஸ்ட் 15-ல் வையுங்கள். முல்லைப் பெரியாறு மதகுகளைத் திறந்தும் நீர்மட்டம் 142 அடியைத் தொட்ட நாள் அது. கீழே இடுக்கி அணையும் நிறைந்து, 26 வருடத்துக்குப் பிறகு அதன் செறுதோணி மதகுகளையும் அப்போதுதான் திறந்திருந்தார்கள். சட்டையில் கொடியைக் குத்திக்கொண்டு பஞ்சாயத்து மெம்பர் நிவாரண முகாமுக்கு வருகிறார், பாயும் பாலும் கேட்டு எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொள்கிறார்கள். அவர் மலையாளத்திலேயே பேசட்டும், எல்லோருக்கும் புரியும். எந்தக் கட்சி என்று மட்டும் காட்டாதீர்கள்.

அணை உடைவதாகக் காட்டவே காட்டாதீர்கள். ஆற்றோரத்தில் வருடா வருடம் அந்தப் பயத்தோடு படுக்கிறவர்கள்தான் உங்கள் எதிரில் உட்கார்ந்திருப்பார்கள்.

தண்ணீருக்கு நீலச் சேலை ஆட்டுவதை எல்லோரும் செய்து சலித்துவிட்டது. முறத்தில் கொள்ளுப் பயறைப் போட்டு மைக் பக்கத்தில் ஆட்டினால் மழை, லயத்து (எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடு) கூரைச் சத்தத்துக்குத் தகரத்தின் மேல் அதையே மெதுவாகக் கொட்டுங்கள். அப்புறம் விளக்கை அணைத்துவிட்டு டார்ச் வெளிச்சத்தில் நடியுங்கள்.

ஜனவரி, பிப்ரவரியில் ஒரு ஞாயிறு சாயங்காலம் வசதி. மழை இருக்காது, கொழுந்து பறிக்கிறவர்களும் வருவார்கள். மைக் அனுமதிக்குப் போலீஸ் ஸ்டேஷனில் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள், தேர்தல் நேரமென்றால் கதைச் சுருக்கத்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், கேட்பார்கள்.